சேறு வீசுகிறவர்களுக்காக நாம் ஏன் ஓட்டை விட்டுக்கொடுக்க வேண்டும்?



அலோர் காஜா பக்கத்தில் ஒரு தோட்டத்து மாணவி. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். அம்மா பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்கிறார். மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. அப்பாவின் சொக்சோ விவகாரமாக என்னைப் பார்க்க வந்தவர், பேச்சுவாக்கில் சொன்னார்:

"அங்கிள், இனிமே நான் ஓட்டுப் போடப் போறதில்ல. டிவியைத் திறந்தா ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிறாங்க. போனைத் திறந்தா அதைவிட மோசம். அப்பாவுக்கு இன்னும் ரெண்டு வருஷத்துல வேலை முடியுது. லாயத்தை விட்டு எங்க போவோம்னு ஒருத்தராவது கேட்டாங்களா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. காரணம், அவர் சொன்னதில் பொய் இல்லை.

2008 ஜூன் 5ஆம் தேதி பெட்ரோல் லிட்டருக்கு 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசுக்கு ஏறியது. ஜூலை 15ஆம் தேதி அன்வார் இப்ராஹிமும் அன்றைய தகவல் அமைச்சர் அஹ்மாட் ஷபெரி சிக்கும் தொலைக்காட்சியில் எண்ணெய் விலை பற்றி நேருக்கு நேர் விவாதம் செய்தார்கள். ஒட்டுக்கடையில் நின்றுகொண்டே பார்த்தவர்களில் நானும் ஒருவன். நாடு மாறப் போகிறது என்று நம்பினோம். 2022 மே 12ஆம் தேதி அன்வாரும் நஜிப்பும் மோதினார்கள். கடனில் சிக்கிய சபுரா எனர்ஜி நிறுவனத்தை என்ன செய்வது, நாட்டின் எதிர்காலப் பாதை எது என்பது தலைப்பு.

விவாதமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தலைவர்கள் பொதுமக்கள் முன்னால் பதில் சொல்வது நல்லதுதான். ஆனால் இந்த இரண்டு மேடைகளிலும் தலைப்பைத் தேர்ந்தெடுத்தது நாம் அல்ல. யார் வென்றார், யார் திணறினார் என்று மறுநாள் பேசினோம். லாயத்துக் கூரை மட்டும் அப்படியே ஒழுகியது.

கைப்பேசிக்குள் நடப்பது இன்னும் மோசம். வாக்களிக்கும் வயது 18 ஆனதும், தானாகவே வாக்காளராகப் பதிவாகும் முறையும் 2021 டிசம்பர் 15ஆம் தேதி நடப்புக்கு வந்தன. 2022 நவம்பர் 19ஆம் தேதி 15ஆவது பொதுத்தேர்தலில் வாக்காளர் எண்ணிக்கை 21 மில்லியனைத் தாண்டியது. நம் பிள்ளைகள் பலர் அன்றுதான் முதல் ஓட்டைப் போட்டார்கள். முடிவு வந்த கையோடு டிக்டாக்கில் என்ன வந்தது? 1969 மே 13 கலவரத்தை நினைவூட்டி மிரட்டும் காணொளிகள்! போலீஸ் எச்சரிக்கை விடும் அளவுக்குப் போனது. முதல் முறை ஓட்டுப் போட்ட பிள்ளைக்கு இதுவா பரிசு?

ஆகவே அந்த மாணவியின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தால் லாபம் அடைவது யார்? இதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

நம் மலாக்காவையே எடுத்துக்கொள்வோம். 2021 நவம்பர் 20ஆம் தேதி சட்டமன்றத் தேர்தல். கோவிட் காரணமாகக் கூட்டம் கூடவும் வீடு வீடாகப் போகவும் தடை. பிரச்சாரம் பெரும்பாலும் கைப்பேசியில் நடந்தது. 2018 பொதுத்தேர்தலில் நாடு முழுவதும் 82 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். மலாக்காவில் அன்று வந்தவர்கள் ஏறக்குறைய 66 விழுக்காடுதான். பதிவான வாக்குகளில் 38 விழுக்காட்டைப் பெற்ற தேசிய முன்னணி, 28 இடங்களில் 21ஐக் கைப்பற்றியது. சட்டப்படி கிடைத்த வெற்றி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். பதிவு பெற்ற வாக்காளர்களில் நால்வரில் ஒருவரின் ஓட்டு, நான்கில் மூன்று பங்கு இடங்களைக் கொடுத்தது. நாளை இதே கணக்கு வேறு கட்சிக்கும் வாய்க்கலாம். வீட்டில் இருந்தவர்கள் யாரையும் தண்டிக்கவில்லை. வெளியே போனவர்களின் ஓட்டுக்கு எடை கூட்டினார்கள், அவ்வளவுதான்.

பணம் இருப்பவனுக்கு அமைச்சரின் கதவைத் தட்ட வேறு வழி உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு இருப்பது ஓட்டு ஒன்றுதான். அதை அருவருப்பில் தூக்கி எறிந்தால் நம் கையில் என்ன மிஞ்சும்?

ஒரு வழக்கறிஞராக இரண்டு விஷயங்கள் சொல்கிறேன்.

முதலாவது, எல்லா எதிர்ப்புப் பேச்சும் சேறு அல்ல. பொதுப்பணம் எங்கே போனது, கொடுத்த வாக்குறுதி என்ன ஆனது என்று கேட்பது கடமை. அதைக் கேட்பவரை 'குழப்பவாதி' என்று அடக்க இடம் கொடுக்காதீர்கள். ஆனால் ஓட்டுக்காக இனத்துக்கும் இனத்துக்கும் பகை மூட்டுவது குற்றம். 1954ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டத்தின் 4ஏ பிரிவு, தேர்தலுக்கு முன்பும் பின்பும் செய்தாலும் அது குற்றம் என்கிறது. ஐந்தாண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படி ஒரு காணொளி வந்தால் பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள். பதிவு செய்து வைத்து, போலீஸ் புகார் கொடுங்கள்.

இரண்டாவது, மாணவர்களுக்கு. அரசியல் பேசும் உரிமை உங்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை. 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நேரத்தில் அங்கு இருந்ததற்காக மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 அக்டோபர் 31ஆம் தேதி, அந்தச் சட்டப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களும் வெறுத்துப் போய் வீட்டில் இருந்திருக்கலாம்.

சரி, இனி என்ன செய்வது? விவாத மேடையை நாமே போடுவோம். ரெம்பியா, காடேக், மச்சாப், துரியான் துங்கால், பூலாவ் செபாங் என எங்கே நம் மக்கள் இருக்கிறார்களோ, அங்கே கோயில் மண்டபமோ பள்ளி வாசலோ போதும். எல்லாக் கட்சி வேட்பாளரையும் அழையுங்கள். மாலை, பொன்னாடை வேண்டாம். நான்கு கேள்விகள் போதும்.

1. வேலை ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு எங்கே, எப்போது?

2. நம் தமிழ்ப்பள்ளி நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது?

3. பிறப்புப் பத்திரம், மைகார்ட் இல்லாத பிள்ளைகளுக்கு உங்கள் அலுவலகம் என்ன செய்யும்?

4. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி ஆனது. குத்தகையாளரிடம் வேலை செய்பவருக்கு அது முழுமையாகக் கிடைக்கிறதா என்று யார் பார்ப்பது?

பதிலை எழுதி வாங்குங்கள். தேதியும் கையொப்பமும் இருக்கட்டும். எதிராளியைத் திட்ட ஆரம்பித்தால், "ஐயா, கேள்விக்கு வாங்க" என்று சொல்லுங்கள். வராதவரின் நாற்காலியைக் காலியாகவே வைத்துப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புங்கள். அடுத்த தேர்தல் வரும்போது அந்தத் தாளை எடுத்துக் காட்டுங்கள்.

இதையெல்லாம் அந்த மாணவியிடம் சொன்னேன். உடனே சம்மதித்துவிடவில்லை. "வருவாங்களா அங்கிள்?" என்று கேட்டார். "சிலர் வரமாட்டார்கள். ஓட்டு எண்ணிக்கை தெரிந்தால் வருவார்கள்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மேசையில் இருந்த தாளை எடுத்து முதல் கேள்வியைத் தன் பாணியிலேயே எழுதினார்:

'என் அப்பா வேலை ஓய்வு பெற்ற மறுநாள் நாங்கள் எங்கே தூங்குவோம்?'

அந்தத் தாளோடு அவர் வாக்குச் சாவடிக்குப் போக வேண்டும். நாமும் போக வேண்டும்.