மின்கோபுரமும் நம் கடமையும்

மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தியை இறக்குகிறவரும், பருத்தி நூலாகி வந்தபின் அதைத் தறியில் ஏற்றுகிறவரும் கூட்டுறவில் நம்முடைய அங்கத்தினர்களே. ஆகவே மின்சாரப் பாதைகளைப் பற்றி எழுதும்போது ஒரு சாராரின் வழக்கை மட்டும் பேச நமக்கு உரிமையில்லை.

மின்சாரம் நம் பகுதிக்குப் புதிதன்று. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும், கோவை வட்டாரத்தில் ஆலைகள் பெருகியதும், 1937-ல் மேட்டூர் துணைக்கு வந்ததும் யாவரும் அறிந்தவை. மின்சாரத்தை உற்பத்தி செய்வது பாதி வேலை; அதைத் தடையின்றி வேண்டிய இடத்தில் கொண்டு சேர்ப்பது மறுபாதி. இந்த இரண்டாவது பாதியை அலட்சியம் செய்ததன் பலனை 2012-ல் அனுபவித்தோம். நாளொன்றுக்குப் பல மணி நேரம் தறியும் நின்றது, கிணற்று மோட்டாரும் நின்றது. உற்பத்தி குறைவாயிருந்தது ஒரு காரணம். வெளி மாநிலங்களிலிருந்து போதிய மின்சாரம் கொண்டுவரப் பாதை இல்லாதது மற்றொரு காரணம்.

2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்-சோலாப்பூர் பாதையின் மூலம் தென்னக மின்தொகுப்பு அகில இந்தியத் தொகுப்புடன் இணைந்தது. பின்னர் சத்தீஸ்கரின் ராய்கட்டிலிருந்து புகளூர் நிலையம் வரை, ஏறக்குறைய 1,765 கிலோமீட்டர் தூரத்துக்கு, 6,000 மெகாவாட் கடத்தும் 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை அமைந்தது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் இயக்கத்துக்கு வந்தது. இத்தனை உயர்ந்த அழுத்தம் எதற்கு என்று கேட்கலாம். அதே கம்பியில் அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால், அதே அளவு மின்சாரம் செல்ல மின்னோட்டம் பாதி போதும். வழியில் வீணாவது கால் பங்காகக் குறையும். மேலும், ஒரு துணைமின் நிலையத்துக்கு இரு வழிகளில் மின்சாரம் வருமானால், ஒரு வழி பழுதுற்றாலும் மற்றது தாங்கும். ஆடிக் காற்றில் தாராபுரம் வட்டாரத்துக் காற்றாலைகள் தரும் மின்சாரத்தை வெளியே எடுத்துச் செல்லவும் பாதை வேண்டும். பாதை போதாவிடில் காற்று வீசும்போதே காற்றாலையை நிறுத்த நேரும்.

ஆனால் கோபுரம் ஆகாயத்தில் நிற்பதில்லை. ஒரு குடியானவரின் தோட்டத்தில் நிற்கிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தைப் பாதை அமைப்போருக்கு வழங்க இடமளிக்கிறது. நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். அடியில் தென்னை வைக்க முடியாது, விற்கப்போனால் விலை இறங்கும். கொங்கு மாவட்டங்களின் விவசாயிகள் 2018, 2019-ல் போராடியது இதனாலேயே. சாலையோரமாகப் புதைவடம் பதிக்கவேண்டும் என்று அவர்கள் கேட்டனர். புகளூர்-திருச்சூர் பாதையின் கேரளப் பகுதியில் ஒரு பங்கு நிலத்தடியிலேயே சென்றிருப்பதால், அக்கோரிக்கையை நடவாத காரியம் என்று தள்ளிவிட முடியாது. செலவு மிகும் என்பது வேறு விஷயம்.

கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம் என்று 2015-ல் வகுத்த மத்திய வழிகாட்டுதல், 2024 ஜூனில் 200 சதவீதமாகவும், கம்பி செல்லும் பட்டைக்கு 30 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. இது நல்ல திருத்தம். எனினும் எந்த மதிப்பைக் கொண்டு கணக்கிடுவது என்பதில்தான் நியாயம் அடங்கியிருக்கிறது. பதிவேட்டு விலை சந்தை விலைக்கு வெகுவாகத் தாழ்ந்திருந்தால், இரு மடங்கும் ஏட்டளவில்தான்.

புதிய பாதைகள் வேண்டும் என்பதே நம் முடிவு. ஆனால் வழித்தட வரைபடத்தைக் குழி தோண்டுவதற்கு முன்பே கிராமத்தில் காட்டவேண்டும். புறம்போக்கும் சாலையோரமும் இருக்க விளைநிலத்தைத் தொடலாகாது. இழப்பீடு முன்கூட்டியே கைக்கு வரவேண்டும். தலைக்கு மேலே பெருமின்சாரம் செல்ல, கீழே குறைந்த அழுத்தத்தால் மோட்டார் சுருள் கருகும் நிலையும் நீங்கவேண்டும். பாதை செல்லும் ஊர்களிலேயே மின்மாற்றிகளை முதலில் பெருக்குவது முறை.

நம் பங்கும் உண்டு. பம்ப்செட்டுக்குக் கெப்பாசிட்டர் பொருத்துவதும், அனுமதி பெற்ற பளுவுக்கு மேல் ஏற்றாதிருப்பதும் பக்கத்துத் தோட்டத்தாருக்குச் செய்யும் உதவி. எல்லாவற்றுக்கும் மேலாக, நெசவாளர் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை: தறி தடையின்றி ஓடுவதற்காக எவருடைய தோட்டத்தில் கோபுரம் நிற்கிறதோ, அவருடைய மனுவில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். அடுத்த மகாசபையில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரும்படி வேண்டுகிறோம்.