எண்ணுதலும் ஒரு வாசிப்பே

நெய்தல் பாடல்களை நடத்தும் வகுப்பில் குருகு என்ற சொல் வந்தால், 'ஒருவகை நீர்ப்பறவை' என்ற உரையோடு நகர்ந்துவிடுவது நம் துறையின் வழக்கம். பறவை உரைக்குள் அடங்கிவிட, கடற்கரை பாடத்திட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. இலக்கியம் பயின்ற நாம் ஆண்டில் ஒரு நாளேனும் கோடியக்கரைக்குச் சென்று பறவைகளை எண்ணிவர வேண்டும் என்பது நம் கருத்து.

1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரை, 2002இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியிலும் நடைபெறுகிறது. அதைத் தாங்கி நடத்துபவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர்களே.

அவ்வாறு செல்வோரில் பலரது கண்ணும் காமிராவும் பூநாரைகளையே நாடுகின்றன. பூநாரை அழகுதான், ஐயமில்லை. ஆனால் அதன் காலடியில் சேற்றைக் கொத்தித் திரியும் கொசு உள்ளானை யார் எண்ணுவது? சுமார் 20 முதல் 30 கிராம் எடையே உள்ள அப்பறவை, ஆர்க்டிக் தூந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு நம் கரைக்கு வருகிறது. நீர் சில அங்குலம் கூடினாலே அதன் குட்டைக் கால்களுக்கு இரை எட்டாது. சேற்றுநிலத்தின் மாற்றம் முதலில் தைப்பது இத்தகைய சிற்றுயிர்களையே.

எண்ணுவது எளிதன்று. பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் இடத்தை மனத்தில் கொண்டு, அந்த அளவால் முழுக் கூட்டத்தையும் மதிப்பிட வேண்டும். ஒன்றும் காணாத இடத்தில் சுழியம் என்று எழுதவும் வேண்டும். அரிய பறவையைக் கண்ட பெருமிதத்தினும் அந்தச் சுழியம் மதிப்புடையது. முந்தைய ஆண்டுகளின் எண்களோடு அதை ஒப்பிடும்போதே இழப்பு புலப்படும்.

'இது விலங்கியலார் வேலையன்றோ?' என்று கேட்கக்கூடும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் தமிழில் எழுதிய இயற்கைக் கட்டுரைகளை இலக்கியமல்ல என்று யார் ஒதுக்குவார்? பாடபேதங்களை ஒப்பிட்டு, ஐயமுள்ள இடத்தில் ஐயம் என்றே குறிக்கப் பயின்றவர்களுக்கு இப்பணியின் ஒழுக்கம் புதிதன்று. பிரித்தறிய இயலாததை 'இனம் தெரியாத உள்ளான்' என்று பதிவதும் அதே நேர்மைதான். உப்பளத் தொழிலாளரும் மீனவரும் வழங்கும் பறவைப் பெயர்களைக் கேட்டு எழுதிவருவது, தமிழ் படித்தவர்கள் இக்கணக்கெடுப்புக்குத் தரக்கூடிய தனிப்பங்கு.

வரும் ஜனவரியில் மாணவர் இருவரையாவது உடன் அழைத்துச் செல்வோம். மூவருக்கும் ஒரு தொலைநோக்கியே போதும்.