காக்கை கொடுத்த பெயர்

காலையில் காகம் விடாமல் கரைந்தால் விருந்தாளி வரப்போகிறார் என்று இன்றும் வீடுகளில் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கையைப் பாட்டில் வைத்த சங்கப் புலவர் ஒருவருக்குக் காகமே பெயராகிவிட்டது. நச்செள்ளையார் என்ற அந்தப் பெண் ‘காக்கைபாடினியார்’ ஆனார்.

குறுந்தொகை 210ஆம் பாட்டு அது. பிரிந்துபோன தலைவன் திரும்பி வந்து, தலைவியை நன்றாகத் தேற்றி வைத்திருந்தாய் என்று தோழியைப் பாராட்டுகிறான். அந்தப் பெருமை எனக்கல்ல, நீ வருவாய் என்று கரைந்த காகத்துக்குத்தான் என்கிறாள் அவள். வள்ளல் நள்ளியின் காட்டு ஆயர்களுடைய பசு நெய்யை ஊற்றி, தொண்டியில் விளைந்த வெண்ணெல் சோற்றை ஏழு கலங்களில் ஏந்திப் படைத்தாலும் அதற்குக் குறைவாம்! ஒரு காகத்துக்கு இப்படியொரு நன்றி.

காகத்தோடு நின்றவர் அல்லர் இவர். சேர மன்னர்களைப் பாடும் பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தில் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடி, ஒன்பது ‘கா’ என்னும் எடையளவுப் பொன்னும் நூறாயிரம் காணம் என்னும் பொற்காசுகளும் பரிசு பெற்றார். நமக்குக் கிடைத்திருக்கும் எட்டுப் பத்துகளில் ஒரு பெண் பாடியது இது மட்டுமே.

பிற்காலத்தில் அதே பெயர் இலக்கண உலகில் தலைகாட்டுகிறது. ‘காக்கைபாடினியம்’ என்றொரு யாப்பு (செய்யுள் இலக்கண) நூல். அதன் ஆசிரியர் காக்கைபாடினியார். அவரிலிருந்து பிரித்துக் காட்ட இன்னொருவருக்குச் ‘சிறுகாக்கைபாடினியார்’ என்று பெயர். இவர்களின் நூல்கள் முழுதாகக் கிடைக்கவில்லை. யாப்பருங்கல விருத்தி போன்ற உரைகள் மேற்கோள் காட்டியதால் சில சூத்திரங்கள் தப்பின.

தப்பியவற்றில் தமிழகத்தின் எல்லையைச் சொல்லும் இரண்டு சூத்திரங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். காக்கைபாடினியாருக்கு வடக்கே வேங்கடம், தெற்கே குமரி, மற்ற இரு புறமும் கடல். சிறுகாக்கைபாடினியாரோ வடக்கே வடுகர் நாட்டைச் சொல்லி, தெற்கு உட்பட மூன்று திசையிலும் கடலையே எல்லையாக்குகிறார். பெயரில் ஒரு ‘சிறு’தான் வேறுபாடு, எல்லையிலோ குமரியே இல்லை.

பாட்டால் பெயர் பெற்றவர்கள் சங்கத் தொகைகளில் பலர். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் ஆகியோரின் சொந்தப் பெயர்கள் தொலைந்தே போயின. இலக்கணக் காக்கைபாடினியார்களுக்கும் அதே கதிதான். காகத்தைப் பாடியவருக்கோ சொந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பாடநூல் எழுதுபவர்கள் ‘காக்கைபாடினியார்’ என்பதோடு நிறுத்திவிடாமல், ‘நச்செள்ளையார்’ என்பதையும் சேர்த்தே அச்சிட வேண்டும்.