யந்திரத்துள் யந்திரம்

நாகலூரில் பார்வையற்ற ஒருவரது கம்ப்யூட்டர் பழுதுற்றால், 20 கொண்டையூசி வளைவுகள் கடந்து சேலத்துக்கு இறங்க நேரிடும். புதிய மென்பொருளைப் பரீட்சிக்க அவர் அஞ்சுவது இயல்பே. விர்ச்சுவல் மெஷின் அவ்வச்சத்தைப் போக்குகிறது; அதனுள் எது கெடினும், முன்பு சேமித்த நிலைக்கு மீளலாம்.

ஆனால் வெளியிலுள்ள திரைவாசிப்பானுக்கு உள்திரை வெறும் சித்திரமே. உள்ளேயும் ஒரு திரைவாசிப்பானை நிறுவினாலன்றிப் பயனில்லை. பார்வையற்ற ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசம், தமிழும் பேசும். விண்டோஸை நிறுவுகையில் நரேட்டரைப் பேசச் செய்யலாம், ஒலிச்சாதனம் இசைந்தால்! அதற்கு முன்னெழும் பயாஸ் திரையோ முற்றும் ஊமை. அங்கே பிறர் கண்ணை இரக்க வேண்டியிருப்பது அநீதியென்றே கூறுவோம்.

அன்றாட மின்னணுச் சாதனங்கள் யாவர்க்கும் உகந்த வடிவில் கிடைக்கவேண்டுமென்பது 2016-ஆம் வருஷத்து உரிமைச் சட்டம். பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்குகையில், இவ்வூமைத் திரைக்கு என்ன வழியென்று ஸர்க்கார் விற்போரைக் கேட்பார்களாக.