அகிஹபாராவும் எங்கள் ஊர்க் கும்மிக் களமும்

2005 டிசம்பர் 8. டோக்கியோவின் அகிஹபாரா பகுதியில் ஒரு தள்ளுபடிக் கடை, அதன் எட்டாவது மாடியில் 250 பேர் உட்காரும் சிறிய அரங்கம். அன்று அங்கே இருபது இளம்பெண்கள் முதல்முறையாக மேடையேறினார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள் ஏழே பேர். ஏ.கே.பி.48 என்ற அந்தக் குழு சில ஆண்டுகளுக்குள் ஜப்பானின் இசைச் சந்தையைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. குழுவை உருவாக்கியவர் யசூஷி அகிமோட்டோ, பெயர்பெற்ற பாடலாசிரியர். தொலைக்காட்சியில் மட்டும் தெரியும் நட்சத்திரமாக இல்லாமல், வேண்டிய அன்று போய்ப் பார்க்கக்கூடிய பெண்களாக அவர்கள் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட திட்டம்.

இந்தப் பெண்கள் தேர்ந்த பாடகிகளாக வரவில்லை. போன மாதம் சுதி தவறியவள் இந்த மாதம் சரியாகப் பாடுவாள். அதை வாராவாரம் வந்து பார்ப்பவருக்கு அவள் வளர்ச்சியில் தனக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் வரும். இசைத்தட்டு வாங்கினால் அதற்குள் ஒரு சீட்டு இருக்கும், அதைக் காட்டினால் அவள் கையைக் குலுக்கிச் சில நொடி பேசலாம். 2009 முதல் இன்னொரு சீட்டும் சேர்ந்தது. அது வாக்குச்சீட்டு. அடுத்த பாட்டில் முன்வரிசையில் யார், நட்டநடுவில் யார் என்பதை ரசிகர்கள் ஓட்டுப்போட்டுத் தீர்மானித்தார்கள். ஒரே ஆள் நூற்றுக்கணக்கில் தட்டு வாங்கி ஓட்டுப்போட்டதெல்லாம் உண்டு.

ஜப்பானில் வென்ற இந்த ஏற்பாட்டை மற்ற ஆசிய நாடுகளுக்கும் கொண்டுபோனார்கள். 2011-ல் ஜகார்த்தாவில் ஜே.கே.டி.48 தொடங்கியது. ஒரு வணிக வளாகத்துக்குள் அதற்கென்று தனி அரங்கம், பாடல்கள் ஜப்பானிய மெட்டில், சொற்கள் இந்தோனேசிய மொழியில். அடுத்து ஷாங்காயில் எஸ்.என்.எச்.48. அது 2016-ல் தாய்க் குழுவோடு பிணங்கிப் பிரிந்து, சீனாவுக்குள்ளேயே தனக்குக் கிளைகள் வைத்துக்கொண்டது. 2017-ல் பாங்காக்கில் பி.என்.கே.48, 2018-ல் மணிலாவில் எம்.என்.எல்.48, கோலாலம்பூரில் 2024-ல். சைகோனில் தொடங்கிய குழு 2021-லேயே கலைந்துபோயிற்று.

இவற்றில் தாய்லாந்துக் கதையை நான் அதிகம் விரும்புகிறேன். 2013-ல் ஜப்பானில் வந்த ‘ஃபார்ச்சூன் குக்கி’ பாட்டைப் பாங்காக் குழு 2017 கடைசியில் தாய்லாந்து மொழியில் பாடியது. அடுத்த சில மாதங்களுக்குப் பள்ளிக்கூடம், அலுவலகம், கல்யாண வீடு எங்கும் அந்த ஆட்டம்தான். கை அசைவு எளிது, யாரும் ஆடலாம். நாமக்கல்லில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் என் அண்ணன் மகள் அதைக் கைப்பேசியில் காட்டினாள். “அத்தே, எங்க ஹாஸ்டல் டேல இதத்தான் ஆடுனோம். பாட்டு ஒண்ணும் புரியாது, ஆனா ஆட்டம் ஒரு சாயங்காலத்துல வந்துரும்” என்றாள். ஆடியும் காட்டினாள்.

இந்தியாவுக்கும் வருவதாக 2019-ல் செய்தி வந்தது. மும்பைக்கு எம்.யு.பி.48, டெல்லிக்கு டி.இ.எல்.48 என்று பெயர்கூட வைத்தார்கள். இரண்டும் வேர்பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே கொரோனா வந்தது உண்மை. ஆனால் கொரோனா இல்லாவிட்டாலும் கடினம் என்றே நினைக்கிறேன். இசைத்தட்டு வாங்கும் பழக்கம் இங்கே அதற்குள் ஒழிந்துவிட்டது, தட்டு இல்லாவிட்டால் சீட்டும் இல்லை. அதைவிட முக்கியம், தினமும் சாயங்காலம் போய் உட்காரும் அந்தச் சிறிய அரங்கம். மெட்டையும் சீருடையையும் கப்பலில் ஏற்றலாம். அரங்கத்தையும் அதற்கு வந்து உட்காரும் அக்கம்பக்கத்தையும் அந்தந்த ஊரில்தான் உண்டாக்க முடியும்.

இந்த உண்மையை எங்கள் பக்கத்து மனிதர் ஒருவர் வெகுகாலம் முன்பே தெரிந்துவைத்திருந்தார். திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில் படித்துத் திரும்பிய டி.ஆர்.சுந்தரம், 1930-களின் நடுவில் சேலத்தில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைக் கட்டினார். 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ அங்கிருந்துதான் வெளிவந்தது. தமிழ்ப்படம் ஒன்றுக்கு மலையாள வசனம் போட்டு அவர் அனுப்பவில்லை. மலையாள நடிகர்களை வரவழைத்து, மலையாளக் கதையை மலையாளத்தில் பேசவைத்துப் படமாக்கினார். முதலும் தளமும் ஒழுங்கும் சேலத்தினுடையவை, பேச்சு கேரளத்தினுடையது. ஜகார்த்தாவிலும் பாங்காக்கிலும் நடந்தது ஏறக்குறைய இதேதான்.

சரி, வெளியிலிருந்து எதுவும் வராமலே எங்கள் சமவெளியில் ஒரு பெண்கள் குழு வளர்ந்து நிற்கிறதே, அதைப் பேச வேண்டாமா? வள்ளி கும்மியைச் சொல்கிறேன்.

முருகன் வள்ளி கல்யாணக் கதையைப் பாடிக்கொண்டே வட்டமாகவும் வரிசையாகவும் ஆடும் இந்தக் கும்மி கொங்கு நாட்டின் பழைய ஆட்டம். நெடுங்காலம் ஆண்கள்தான் ஆடினார்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து ஆசிரியர் பத்ரப்பன் அந்த வழக்கத்தை மீறிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். தம் 87-ஆம் வயதில், 2024-ல் பத்மஸ்ரீ பெற்றார். இப்போது கோவை, ஈரோடு, நாமக்கல், சேலம் என்று எங்கே போனாலும் கும்மி வகுப்பு. ஓர் ஊரில் ஆசிரியர் வந்து பழக்குகிறார், பழகி முடித்தவர்கள் அரங்கேற்றம் செய்கிறார்கள். அதைப் பார்க்க வந்த பக்கத்து ஊர்ப் பெண்கள் எங்களுக்கும் வேண்டும் என்கிறார்கள். விளம்பரமும் நிறுவனமும் இல்லாமல் இப்படியே பரவி, ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே திடலில் ஆடும் அளவுக்கு வந்துவிட்டது.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் உறவினர் ஊரில் பயிற்சி நடப்பதைப் பார்க்கப் போயிருந்தேன். கோயில் முன்னால் இருக்கும் களத்தில் ஒரு ஃபோகஸ் லைட், ஒரு ஒலிபெருக்கி. தறியிலிருந்தும் கோழிப்பண்ணையிலிருந்தும் வேலை முடிந்து வந்து, உலை வைத்துச் சோறாக்கி, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வரிசையில் சேர்ந்தார்கள். ஏழாம் வகுப்புச் சிறுமிக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பாயி. ஆசிரியர் மைக்கில் ஒரு அடி பாட, இவர்கள் வாங்கிப் பாடிக்கொண்டே முன்னால் இரண்டு எட்டு, திரும்பி ஒரு கைத்தட்டல். தப்பினால் நிறுத்தி முதலிலிருந்து. அப்பாயிக்குக் கால் பின்தங்கியபோது யாரும் அவரை ஓரமாக உட்காரச் சொல்லவில்லை, வரிசை முழுவதும் அவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டது. இடைவேளையில் நாற்பது வயதிருக்கும் ஒருவர் தண்ணீர் குடித்தபடி என்னிடம் சொன்னார்: “கல்யாணமாகி வந்ததுல இருந்து ராத்திரில நானா ஊட்ட உட்டு வெளிய வந்தது இதுக்குத்தானுங்க. மொத நாளு ஊட்டுக்காரரு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருந்தாரு. இப்ப அவருதான் வண்டில கொண்டாந்து உடறாரு.”

அகிமோட்டோ எட்டாவது மாடியில் கட்டியதன் பெரும்பகுதி இந்தக் களத்தில் இருக்கிறது. தேர்ந்தவர்கள் மட்டும் ஆடுவதில்லை. ஊர் பார்க்கப் பார்க்கப் பழகுகிறார்கள். ஒரே நிறச் சேலை, கும்பலாக ஒரே அசைவு, கைக்கெட்டும் தூரத்தில் பார்வையாளர். இல்லாதது, நடுவில் நிற்பது யார் என்ற போட்டி. ஓட்டு இல்லை, ரேங்க் இல்லை. இதை நான் பெரிய பாக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் பிள்ளைகளை வரிசைப்படுத்தி ஊருக்குக் காட்டும் வேலையை எங்கள் மாவட்டம் நன்றாகவே அறியும். தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து நாமக்கல், ராசிபுரம் விடுதிப் பள்ளிகளில் சேர்த்தது மாநில ரேங்குக்காகத்தான். பிளஸ் டூ ரேங்க் அறிவிப்பை அரசு 2017-ல் நிறுத்தியது. அகிஹபாராவின் ஓட்டுத் தேர்தலும் 2018-க்குப் பிறகு நடக்கவில்லை. இரண்டும் நின்றதில் எனக்கு மகிழ்ச்சி.

ஆனால் ஜப்பானிய ஏற்பாட்டில் ரேங்கைவிடக் கொடிய ஒன்று உண்டு. அந்தப் பெண்கள் யாரையும் காதலிக்கக் கூடாது.

2013 ஜனவரியில், காதலன் வீட்டில் தங்கியதாக ஒரு வார இதழ் எழுதியதற்காக, ஏ.கே.பி.48-ன் மினேகிஷி மினாமி தன் தலையை மொட்டையடித்துக்கொண்டு, அழுதபடி கேமரா முன் மன்னிப்புக் கேட்டார். வயது 20. குழுவில் அவரைப் பயிற்சி மாணவி நிலைக்கு இறக்கினார்கள். 2015-ல் டோக்கியோ நீதிமன்றம் ஒன்று, வேறொரு குழுவிலிருந்த 17 வயதுப் பெண் காதல் தடையை மீறியதற்காக 6,50,000 யென் நட்டஈடு கட்டச் சொன்னது. 2016 ஜனவரியில் இன்னொரு வழக்கில் அதே ஊரில் வேறு தீர்ப்பு வந்தது: ஆணோ பெண்ணோ ஒருவரை நேசிப்பது மனிதர் மகிழ்ச்சியாக வாழும் உரிமையைச் சேர்ந்தது, ஒப்பந்தம் அதைப் பறிக்க முடியாது. 2018 டிசம்பரில் நீகாத்தா நகரக் குழுவின் உறுப்பினர் ஒருவரை அவர் வீட்டு வாசலில் வைத்தே ஆண்கள் தாக்கினார்கள். அடுத்த மாதம் மேடையேறி, தொந்தரவு கொடுத்ததற்காக மன்னிப்புக் கேட்டவர் அடிபட்ட அந்தப் பெண்தான். அதை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

காதல் தடை எதற்கு என்று பார்த்தால் கணக்கு எளிது. அவள் யாருக்கும் சொந்தமில்லை என்ற எண்ணம் இருக்கும்வரை தட்டு விற்கும். அதாவது அவள் குரலையும் ஆட்டத்தையும் விற்பதோடு நில்லாமல் அவள் மனத்தையும் அடமானம் வைக்கிறார்கள்.

இதையெல்லாம் தூரத்து நாட்டுச் சங்கதி என்று விட்டுவிட முடியவில்லை. 2024-ல் ஒரு காணொளி பரவியது. வள்ளி கும்மி நிகழ்ச்சி ஒன்றில், ஆட வந்த பெண்களைத் தங்கள் சாதிப் பையனைத்தான் கட்டிக்கொள்வோம் என்று உறுதிமொழி எடுக்கவைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். வள்ளியின் கதையைப் பாடிய வாயோடு இந்த உறுதிமொழி! தினைப்புனம் காத்த குறவர் வீட்டுப் பெண், தகப்பனும் அண்ணன்மாரும் அறியாமல் தான் விரும்பியவனோடு போன கதைதானே அது. அந்தக் காதலை ஊரே கைதட்டிப் பாடுகிறோம், பாடுகிற பெண்ணுக்கு மட்டும் அது கூடாது என்கிறோம்.

இங்கே இது வெறும் பேச்சோடு நிற்பதுமில்லை. 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர், பொறியியல் பட்டதாரி, திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் உடன்படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வேறு சாதி. அவரைக் கடத்திக்கொண்டுபோய்க் கொன்றார்கள், உடல் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் கிடந்தது. சாதி அமைப்பு ஒன்றின் தலைவருக்கும் உடனிருந்தவர்களுக்கும் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022-ல் ஆயுள் தண்டனை கொடுத்தது. கும்மி மேடையின் உறுதிமொழியும் அந்தக் கொலையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண் யாரோடு பேசலாம், யாரோடு வாழலாம் என்பதை அவளைச் சுற்றி நிற்பவர்கள் தீர்மானிக்கலாம் என்ற எண்ணம் இரண்டுக்கும் அடியில் கிடக்கிறது. அந்த எண்ணத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாயால் சொல்லவைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

கும்மியைக் குற்றம் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெண்ணை ராத்திரியில் களத்துக்கு வரவழைத்த ஆட்டம் அது. அதை எல்லாச் சாதிப் பெண்களும் ஆட வேண்டும் என்றும், சேலம் நகரத்துப் பள்ளிகளுக்குள் போக வேண்டும் என்றும், ஜகார்த்தாப் பெண்களைப் போல நம் பெண்களும் வெளிநாட்டு மேடையில் ஆட வேண்டும் என்றும் ஆசைப்படுகிறேன். மலேசியாவிலும் இலங்கையிலும் முருகனைக் கும்பிடுகிறவர்கள் கூப்பிட்டால் ஆசிரியர்கள் போய்ப் பழக்கிவிட்டு வரட்டும்.

நாளைக்கே ஒரு ஜப்பான் நிறுவனமோ சென்னை நிறுவனமோ சேலத்துக்கு வந்து நாற்பத்தெட்டுப் பெண்களைத் தேடலாம். அப்போது பெற்றவர்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். சம்பளம் பிள்ளையின் பெயரில் வங்கியில் விழுகிறதா, பள்ளி நேரம் காக்கப்படுகிறதா, ராத்திரி வீட்டுக்கு வண்டி உண்டா, பிடிக்காவிட்டால் அபராதம் கட்டாமல் வெளியேற முடியுமா, அவள் மனசைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். இதே கேள்வியைக் கோயில் கமிட்டியும் கும்மி ஆசிரியரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போது கேட்க வேண்டும்: பாட்டும் அடவும் தவிர வேறு எதையாவது எங்கள் பிள்ளைகள் வாயால் சொல்லவைப்பீர்களா?