கிழக்குச் சாளரத்து விஷயம்

கான்டனீஸ் மொழியில் "துங் சேங் சீ ஃபாட்" என்றொரு நான்கெழுத்துத் தொடர் உண்டு. கையாடல் செய்த கணக்கனோ, கள்ள உறவு கொண்ட கணவனோ அகப்பட்ட செய்திக்கு அதனைத் தலைப்பாக இடுவதில் ஹாங்காங் பத்திரிகைகளுக்கு அலாதிப் பிரீதி. "கிழக்குச் சாளரத்து விஷயம் வெடித்தது" என்பது பதப்பொருள். தென் சோங் ராஜ்யத்து மந்திரி சின் ஹுய், யுவே ஃபெய் என்னும் சேனாபதியை ஒழித்துவிடத் துணியாமல், அச்சாளரத்தின் கீழ் அமர்ந்து ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறியபடி யோசித்திருக்க, பிடித்த புலியை விடலாகாது என்று அவன் மனைவி தூண்டினாளாம். சேனாபதி 1142-இல் சிறையில் மாண்டான். பின்னர் மந்திரியும் இறந்து நரகத்தில் விலங்கு பூண்டிருக்கையில், அங்கே சென்று கண்ட தாவோ பூசாரியிடம் மனைவிக்குச் சொல்லியனுப்பிய சேதியே இத்தொடர் என்பது ஐதிகம். ஆகையால், ஒளித்துவைத்த பட்சணத்தைக் குழந்தை கண்டுபிடித்ததற்கெல்லாம் இதைப் பிரயோகித்தால், பரிகாசமென்றே கொள்வார்கள். ரகசியத்தில் பாவம் கலந்திருக்க வேண்டும். சாதாரணப் பேச்சுக்கு "சுன் போ", அதாவது சட்டி ஓட்டையாயிற்று, என்ற சொல் இருக்கிறது; நம் "குட்டு உடைந்தது" அதற்குத்தான் ஈடு. சில்லறைத் திருட்டுக்கும் பத்திரிகைகள் சாளரத்தைத் திறப்பது எனக்கு உவப்பாயில்லை. ஹாங்சோ நகரின் மேற்கு ஏரிக்கரையில், சேனாபதியின் சமாதிக்கெதிரே, கைகள் பின்னால் கட்டுண்ட இரும்புப் பதுமைகளாக அத்தம்பதியர் இன்றும் மண்டியிட்டிருக்கின்றனர்.