டயலிசிஸ் இயந்திரங்கள் மட்டும் போதுமானவையல்ல

சிறுநீரக நோய் பற்றிப் பேசப்படும் போதெல்லாம் எமது நாட்டில் முதலில் எழுகின்ற கேள்வி, எத்தனை டயலிசிஸ் இயந்திரங்கள் இருக்கின்றன என்பதேயாகும். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை அனுஷ்டிக்கப்படுகின்ற உலக சிறுநீரக தினத்தின் போதும் இந்த எண்ணிக்கையே பெரிதும் பேசப்படுகின்றது. இயந்திரங்கள் அவசியமானவை என்பதில் இரு வேறு கருத்துகளுக்கு இடமில்லை. சீன அரசின் உதவியுடன் 2021ஆம் ஆண்டு பொலன்னறுவையில் சிறுநீரக நோய்க்கென்றே விசேட வைத்தியசாலையொன்று திறந்து வைக்கப்பட்டதும் வரவேற்கத்தக்கதே. ஆனால், இயந்திரத்தின் துணையுடன் வாழ்கின்ற நோயாளி இறுதியில் எதனால் மரணிக்கின்றார் என்ற கேள்வி மாத்திரம் அநேகமாக எழுப்பப்படுவதில்லை.

டயலிசிஸ் செய்து கொள்வோரின் உயிரைப் பறிப்பதில் முதலிடம் வகிப்பவை இருதய நோயும் குருதி நாடிகளின் பாதிப்புமேயாகும். சிறுநீரகம் செயலிழந்ததும் குருதியில் பொஸ்பரஸ் தேங்குகின்றது. நாடிகளின் சுவரில் கல்சியம் படிந்து, இறப்பர் குழாய் போன்று நெகிழ வேண்டிய நாடி இறுகிப் போகின்றது. இது முதுமையின் விளைவு மாத்திரமல்ல. இருபது வயதைக் கடந்த நிலையில் டயலிசிஸ் செய்து வந்த இளம் நோயாளர்களின் இருதய நாடிகளிலும் இத்தகைய படிவுகள் காணப்படுவதை 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக் காட்டியது.

இந்தப் பாதிப்பில் உலோகங்களுக்கும் பங்குண்டு என்பது இப்போது தெளிவாகி வருகின்றது. ஈயம், கட்மியம், ஆசனிக் ஆகிய மூன்றையும் இருதய நோய்க்கான ஆபத்துக் காரணிகளாக அமெரிக்க இருதயச் சங்கம் 2023ஆம் ஆண்டு அறிக்கையொன்றில் அடையாளப்படுத்தியிருந்தது. டயலிசிஸ் நோயாளர் தொடர்பான ஆய்வுகளைத் தொகுத்து 2009ஆம் ஆண்டில் வெளியான மீளாய்வு, அவர்களது குருதியில் ஈயமும் கட்மியமும் ஏனையோரிலும் பார்க்க அதிகமாகவும், நாகம், செலனியம் ஆகியன குறைவாகவும் இருப்பதாகத் தெரிவித்தது. நாடிகளைத் தாக்கும் நஞ்சு மிகுந்திருக்கின்றது. அவற்றைப் பாதுகாக்கும் கனியமோ குறைந்திருக்கின்றது. இந்த இரட்டைப் பாதிப்பே நோயாளியின் நிலைமையைச் சிக்கலாக்குகின்றது.

இதில் நீரின் பங்கு முக்கியமானது. ஆரோக்கியமான ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் அளவில் நீர் அருந்துகின்றார். டயலிசிஸ் செய்பவரின் குருதியோ, நான்கு மணித்தியாலங்கள் நீடிக்கும் ஒரு தடவைச் சிகிச்சையில் மாத்திரம், மெல்லிய சவ்வொன்றுக்கு அப்பால் ஓடும் சுமார் 120 லீற்றர் நீரைச் சந்திக்கின்றது. குடிப்பதற்கு உகந்த நீரும் இதற்கு உகந்ததாகி விடாது. கரீபியன் தீவான குராசோவில் 1996ஆம் ஆண்டு புதிதாகப் பதிக்கப்பட்ட நீர்க்குழாயின் சீமெந்துப் பூச்சிலிருந்து கசிந்த அலுமினியம் டயலிசிஸ் நீரில் கலந்ததால் 10 நோயாளர்கள் உயிரிழந்தனர். இயந்திரம் பழுதடையவில்லை, நீரே நஞ்சாகியிருந்தது.

எமது நாட்டைப் பொறுத்தவரை இந்த விடயத்துக்கு மற்றுமொரு பரிமாணமும் உண்டு. மதவாச்சி, பதவிய, கெப்பித்திகொல்லாவ முதல் வவுனியா மாவட்டக் கிராமங்கள் வரை, காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் மூன்று தசாப்தங்களுக்கும் மேலாக விவசாயக் குடும்பங்களை வாட்டி வருகின்றது. இந்த நோய் இனமோ மதமோ பார்ப்பதில்லை. சுகாதார அமைச்சும் உலக சுகாதார ஸ்தாபனமும் இணைந்து மேற்கொண்டு 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நோயாளர்களின் சிறுநீரில் கட்மியத்தின் அளவு ஏனையோரிலும் பார்க்க அதிகமாக இருந்ததையும், அவர்களுள் 63 வீதமானோரின் குருதியில் செலனியம் குறைவாக இருந்ததையும் பதிவு செய்தது. பாதிக்கப்பட்ட பிரதேசத்தின் சில உணவுப் பொருட்களில் கட்மியமும் ஈயமும் வரையறையை விஞ்சியிருந்தன.

கட்மியமே இந்த நோயின் காரணம் என்று இதனைக் கொண்டு முடிவு கட்டிவிட முடியாது. கடினநீர், புளோரைட், விவசாய இரசாயனங்கள், கடும் வெயிலில் நீர் அருந்தாது உழைத்தல் எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டு இன்னமும் விவாதிக்கப்படுகின்றன. எனினும், கட்மியம் உடலுக்குள் புகுந்தால் பத்தாண்டுகளுக்கு மேல் தங்கிவிடும் என்பதில் விவாதமில்லை. உலோகச் சுமையுடன் டயலிசிஸ் கட்டிலுக்கு வரும் விவசாயியின் நாடிகளும் அந்தச் சுமையின் பாதிப்புக்கு உள்ளாகின்றன.

உட்புகுந்த உலோகத்தைப் பின்னர் வெளியேற்றிக் கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் பலிக்கவில்லை. ஒரு தடவை மாரடைப்புக்குள்ளான நீரிழிவு நோயாளருக்கு உலோகத்தை வெளியேற்றும் மருந்தை ஏற்றி மேற்கொள்ளப்பட்ட பெரும் பரிசோதனையின் முடிவு 2024ஆம் ஆண்டு வெளியானது. குருதியில் ஈயம் பாதிக்கும் மேலாகக் குறைந்த போதிலும் இருதயம் நன்மையடையவில்லை. எனவே, வருமுன் காப்பதே வழியாகும்.

இங்கு நோயாளர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் ஒன்றைக் கூற விரும்புகின்றோம். புகையிலை கட்மியத்தை உடலுக்குள் சேர்க்கின்றது. சிறுநீரகத்தைக் குணப்படுத்துவதாகக் கூறி விற்கப்படும் பஸ்பங்களையும் செந்தூரங்களையும் சோதனையின்றி உட்கொள்வது ஆபத்தானது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரக் கடைகளில் வாங்கப்பட்ட 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளுள் 14 தயாரிப்புகளில் ஈயம், இரசம், ஆசனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்ததாக 2004ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. எமது பாரம்பரிய வைத்தியத்தைப் பழிப்பது எமது நோக்கமன்று. தரக்கட்டுப்பாடே அதன் நற்பெயரைக் காக்கும். அவ்வாறே, நாகமும் செலனியமும் குறைவு என்பதற்காக வைத்திய ஆலோசனையின்றி மாத்திரைகளை விழுங்குவதும் தவறாகும். செலனியம் சற்று அதிகரித்தாலும் நஞ்சாகி விடும்.

அரசாங்கத்தின் பொறுப்பு இதனிலும் பெரியது. ஒவ்வொரு டயலிசிஸ் பிரிவினதும் நீர் உலோகங்களுக்காக ஒழுங்காகப் பரிசோதிக்கப்பட்டு முடிவுகள் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். இறக்குமதியாகும் பொஸ்பேற் பசளையின் கட்மிய அளவு துறைமுகத்திலேயே கண்காணிக்கப்பட வேண்டும். நோயாளரின் இருதய, நாடிப் பரிசோதனைகள் சிகிச்சையின் அங்கமாக வேண்டும். இவை எவையும் புதிய கட்டடமொன்றை நிர்மாணிப்பதைப் போன்று திறப்பு விழாவுக்கு வாய்ப்பளிப்பவையல்ல. அதனாலேயே இவை பின்தள்ளப்படுகின்றனவோ என்ற ஐயம் எமக்கு எழுகின்றது.

வாரத்தில் இரண்டு, மூன்று நாட்கள் விடியுமுன் பஸ் ஏறி வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளி, அந்த நான்கு மணித்தியாலங்களை முழுமையாக நம்பியே தமது கையை நீட்டுகின்றார். அந்த நம்பிக்கைக்குப் பாத்திரமான நீரையும் கண்காணிப்பையும் வழங்குவது சலுகையன்று. அது அவர்களது உரிமையாகும். சம்பந்தப்பட்டவர்கள் இனியேனும் இதில் கவனம் செலுத்துவார்களா?